மூக்குப் பலகை

“நீ பார்த்தியா, தபீதா?”

எங்கள் சபைப் போதகர் வேதநாயகம் ஐயர் என்னைக் கேட்டார். அவருடைய ஒரு கை படகின் முன்முனையில், அதன் மூக்கில் இருந்தது. கரையில் நின்ற எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

இப்படி எல்லாரும் பார்க்க நிற்பது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்பில் பள்ளி இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் அரை மணி நேரம் அப்படியே நின்றேன். தொண்டை திறக்கவில்லை. மறுநாள் முதல் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா இல்லாத வீட்டில் சோறாக்க ஆள் வேண்டியிருந்தது, அதனால் நைனாவும் போகச் சொல்லவில்லை. சொல்ல முடியாததை நோட்டில் எழுதி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். ஐயரின் கேள்வியை அப்படி ஒளிக்க முடியாது.

நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் பெயர் சுந்தர்ராஜ். சித்தூரில் எங்கள் சபைக்குப் பெஞ்சு, மேஜை, சவப்பெட்டி எல்லாம் செய்கிற தச்சர். அவருடைய தாத்தா கிருபானந்தம் தாது வருஷப் பஞ்சத்தில், கடலோரக் கால்வாயில் வந்த மிஷன் படகில் ஞானஸ்நானம் பெற்றவர். அந்தப் படகில் முதல் ஆள் அவர்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வோம். சபையின் பழைய புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் வசதியுள்ள வீட்டார் வேறு மாதிரி சொல்வார்கள்.

“உங்க தாத்தா ஞானஸ்நானத்துக்கா வந்தாரு? கஞ்சி ஊத்தறாங்கன்னு வந்தாரு!”

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நைனாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் ஏதாவது பலகையை எடுத்து இழைப்பார். இழைத்து முடிந்த பலகையையும் இழைப்பார்.

1937-ல், அந்தப் படகில் ஞானஸ்நானம் தொடங்கி அறுபது வருஷம் ஆனதற்கு நன்றி ஆராதனை வைப்பதாக முடிவானது. அந்தப் படகைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்து, ரயில் வேகனில் ஏற்றிக் கொண்டுவந்து சித்தூர்க் கோயில் முன்னால் நிறுத்த வேண்டும் என்றார் ஐயர். நைனா அங்கேயே எழுந்து நின்று, “நான் போறேன்” என்றார். சபையில் அவர் எழுந்து பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கரையான் விட்டுவைத்த பக்கத்தில் சில வரிகள் இருந்தன. நீளம் முப்பத்து மூன்று அடி. செம்பு ஆணி. மூக்கில் சிலுவை செதுக்கியது. ஊழியம் நின்றபின் படகோட்டி ரங்கையாவிடம் காவலுக்கு விடப்பட்டது.

நைனா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ரயிலில் உட்காரவே இல்லை. திருப்பதியில் மொட்டைத் தலைகள் ஏறி இடம் நெருக்கியபோதும், ஏர்பேடு தாண்டிக் கூட்டம் குறைந்தபோதும் கதவருகிலேயே நின்றார். கூடூரில் வண்டி மாறி சூலூர்பேட்டை. அங்கே இல்லை. பழவேற்காடு. அங்கும் இல்லை. எண்ணூர் வரை போய்த் திரும்பினோம். ஒரு கயிற்றில் முப்பத்து மூன்றாவது அடியில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு, கண்ட படகையெல்லாம் அளந்தார்.

“இன்னா மேஸ்திரி, படகுக்கு சொக்கா தெக்கப் போறியா?” என்று சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள்.

தடாவுக்குக் கிழக்கே, ஏரி ஓரத்தில், முடிச்சு சரியாக நின்ற படகு ஒன்று கிடைத்தது. ஓட்டை உடைசலாகச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. பக்கப் பலகையில் செம்பு ஆணிகள். படகுக்காரன் பெயர் நாகையா. ரங்கையாவின் மகன். நைனா கயிற்றை வைத்து இன்னொரு தடவை அளந்தார்.

“எங்க நைனா வச்சிருந்த மிஷன் படகு புயல்ல போயிருச்சு மேஸ்திரி. இது அவரே கட்டினது. அதுலேந்து ஆணிய மட்டும் புடுங்கி இதுல அடிச்சாரு,” என்றான் நாகையா.

நைனா நம்பவில்லை. கடுதாசி போட்டு ஐயரை வரவழைத்தார். படகின் மூக்குப் பலகையில் பல வருஷத்து எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் தோல் போல் படிந்திருந்தன. அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஐயர் ஓர் ஏற்பாடு சொன்னார். தச்சர் படகு முழுவதையும் சபைச் செலவில் பழுது பார்ப்பார். கடைசியில் மூக்கைச் சுரண்டுவார். சிலுவை இருந்தால் படகு சபையுடையது. இல்லையென்றால் படகும் நாகையாவுக்கு, செய்த வேலையும் நாகையாவுக்கு.

“சொரண்டுங்க ஐயரே, நல்லா சொரண்டுங்க,” என்று சொல்லிவிட்டு நாகையா பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான். பெண்டாட்டி சென்னம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். படகு போய்விடுமோ என்ற கவலை இரண்டு பேருக்கும் துளியும் இல்லை. கவலையெல்லாம் எனக்குத்தான்.

ஏழு வாரம் அந்தக் கரையில் இருந்தோம். நைனா இற்றுப்போன விலாக்கட்டைகளை எடுத்துப் புதுசு வைத்தார். பலகை இடுக்குகளில் கயிற்று நாரைத் திணித்து, கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் தட்டித் தார் பூசினார். எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உலை வைத்துவிட்டு மதகு வரை நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். நோட்டைத் திறந்தால் ஒரு வரிக்கு மேல் ஓடாது.

“ஏ சாமிப் பொண்ணு, இன்னாத்துக்கு இப்பிடி கரைய தேச்சுக்கினு கீறே? நாக்க சித்தூர்லயே பொட்டில வச்சிட்டு வந்தியா?” என்பாள் சென்னம்மா. காற்று இல்லாத நாளில் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பவள் அவள்தான். தோளில் கயிறு பதிந்த தழும்பு இருந்தது. எனக்கு வறுத்த மீனைக் கொடுத்து, “துன்னு” என்று பக்கத்தில் உட்காருவாள். ஒரு நாள் கேட்டேவிட்டேன். ஒரே வார்த்தைதான் வந்தது.

“படகு?”

“படகு போச்சுன்னா இவன் காதத்தான் புடிச்சு இழுக்கணும்,” என்று நாகையாவைக் காட்டிச் சிரித்தாள். வெள்ளிக்கிழமை வந்ததும் வழக்கம்போல் மூக்கில் தண்ணீர் தெளித்து மஞ்சள் பூசினாள். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூக்கைத் தொட நைனாவுக்குப் பயம். வேறு வேலை தேடித் தேடிச் செய்தார். ஐயர் சனிக்கிழமை வருகிறார் என்று கடுதாசி வந்தபின், வியாழக்கிழமை காலையில், நாகையாவும் சென்னம்மாவும் கரையில் இல்லாதபோது, சுரண்டும் தகட்டை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். கறுப்பும் மஞ்சளும் சுருள் சுருளாக விழுந்தன. மரம் தெரிந்தது. நைனா கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினார். மறுபடி தடவினார். நானும் தடவிப் பார்த்தேன். மழமழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“இருந்திருக்கும்,” என்றார் நைனா. “தேஞ்சு போயிருக்கும்.”

மூக்கின் மேல் ஒரு சாக்கைக் கட்டி, ஐயர் வரும்வரை யாரும் திறக்கக் கூடாது என்று நாகையாவிடமும் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் உச்சிப் பொழுதில் நாகையாவும் சென்னம்மாவும் தடா சந்தைக்குப் போயிருந்தார்கள். நான் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது உளிச் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். தட்டுவதும் நிறுத்துவதுமாக. நைனா மூக்குப் பலகையின் முன் மண்டியிட்டிருந்தார். நெடுக்கில் ஒரு கோடு முடிந்திருந்தது. குறுக்குக் கோட்டில் பாதியில் இருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“தண்ணிய அங்க வை.”

வைத்தேன். அவர் முடித்துவிட்டுக் கரியும் எண்ணெயும் குழைத்து வெட்டில் தேய்த்தார். சென்னம்மாவின் டப்பாவிலிருந்து மஞ்சளையும் எடுத்து அடைத்து, துணியால் துடைத்தார். அறுபது வருஷத்துச் சிலுவை மாதிரியே இருந்தது. மறுபடி சாக்கைக் கட்டினார். சாப்பிடும்போது ஒன்று மட்டும் சொன்னார்: “உப்பு கம்மி.”

அன்று மதகுக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. சென்னம்மா சந்தையிலிருந்து எனக்கு ஒரு ஜதை கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தாள். சித்தூரில் எங்கள் சபைப் பெண்கள் வளையல் போடமாட்டார்கள். வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.

சனிக்கிழமை ஐயர் வந்தார். சாக்கை அவிழ்த்ததும் சிலுவையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். நாகையாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சென்னம்மா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள்.

“அய்யே! இது என் கண்ணாலப் பலகை!”

“என்ன பலகை?” என்றார் ஐயர்.

“எங்க ஜனத்துல மருமவ வந்தா பொறந்த ஊட்டுலேந்து மூக்குப் பலகை கொண்டாரணும். பழசக் கழட்டித் தண்ணில உட்டுருவோம். இத எங்க நைனா பழவேற்காட்டுலேந்து தலமேல தூக்கிக்கினு வந்தாரு. இருவது வருஷந்தான் ஆவுது. இதுல எவன் போட்டான் சிலுவைய?”

மருமகள் வந்தால் மூக்குப் பலகையே மாறும் என்பது, பெஞ்சும் சவப்பெட்டியும் செய்த நைனாவின் கைக்கு எப்படித் தெரியும்?

ஐயர் நாகையாவிடம் திரும்பினார். “அப்படின்னா அன்னைக்கே ஏன் சொல்லல?”

நாகையா தலையைச் சொறிந்தான். “ஓசில ரிப்பேர் ஆவுதேன்னு... எப்பிடியும் ஒன்னும் இருக்காதுன்னு...”

“ஆதாயத்துக்காக அன்னைக்கு மறைச்சவன் இன்னைக்கு ஆதாயத்துக்காகச் சொல்லமாட்டானா? சுந்தர்ராஜ், நீ சொல்லு.”

“சொரண்டினேன், வந்துச்சு,” என்றார் நைனா, நகத்தில் ஒட்டிய தாரைப் பார்த்தபடி.

சென்னம்மா படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இப்போதே யாரோ இழுத்துப் போகிற மாதிரி. அப்போதுதான் ஐயர் என் பக்கம் திரும்பினார். சுரண்டும்போது நான் கூடவே இருந்தேனாம், சிறு பிள்ளை பொய் சொல்லாதாம்.

“சிலுவை முன்னாலேயே இருந்துச்சா? நீ பார்த்தியா, தபீதா?”

சென்னம்மா இந்த முறை என் நாக்கைப் பற்றிக் கேலி செய்யவில்லை. அவள் தோளில் இருந்த தழும்பு எனக்கு நேராகத் தெரிந்தது.

“பார்த்தேன்,” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. “சொரண்டினப்போ ஒன்னும் இல்ல. மறுநாள் நைனா வெட்டினாரு.”

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கரையான் தின்ற பக்கம், வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்கிற கஞ்சிப் பேச்சு, வீட்டுக்கு வந்து இழைக்கிற பலகை, யார் யார் சிரித்தார்கள் என்ற பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன. ஐயர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். சிரித்தவர்களில் அவருடைய மைத்துனரும் ஒருவர்.

“படகு இவங்களோடது,” என்றார் கடைசியில்.

சென்னம்மா என் முதுகில் கை வைத்தாள். அந்தக் கை சூடாக இருந்தது. நான் நைனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு இடுக்கு அடைக்காமல் கிடந்தது. நைனா அங்கே போய்க் குந்தினார். நாரைத் திரித்து உள்ளே திணித்தார். கொட்டாப்புளியால் ஒரே சீராகத் தட்டினார். தார் பூசினார். விரலால் அழுத்திப் பார்த்து, ஓர் இடத்தில் இன்னொரு தடவை பூசினார். பிறகு உளிகளை ஒவ்வொன்றாக வேட்டியில் துடைத்துப் பையில் போட்டார். முடிச்சுப் போட்ட கயிற்றை மட்டும் படகிலேயே விட்டுவிட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், என்னைக்கூடக் கூப்பிடாமல், தடா ஸ்டேஷன் இருக்கிற பக்கமாகக் கரை மேல் நடந்து போனார்.