ஒரு வார்த்தைக்கு மேல் கூடாது

மீட்பு நாய்களுக்கான தேர்வு அதிகாரி உட்கார்ந்திருந்த படகு துடுப்பில்லாமல் ஏரியின் நடுப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காற்றைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. துடுப்பு எடுத்து வரும்வரை கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது ரேடியோ என்று பட்டப்பெயர் எடுத்த லிஃப்ட் மெக்கானிக்கிடம். அவரும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பதினோராவது மாடி லிஃப்டுக்குள் ஒரு கட்டிலோடு மூன்று பேர் மாட்டிக்கொண்ட கதையை ஒரு கையால் சொல்ல முடியாது. கட்டிலின் நீளத்தைக் காட்ட இரண்டு கையையும் விரித்தார். கயிறு போயே போய்விட்டது.

"மேஸ்திரி, கயிறுடா. கயிறு. ஓடு, சார் போறார் பாரு" என்று கத்தினார்.

மேஸ்திரி என்பது அவருடைய நாய். அறுபது கிலோ, கறுப்பு, விரல்களுக்கிடையில் வாத்து மாதிரி சவ்வு. எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு சுற்று நடந்து பார்த்து, வேலை திருப்தியில்லை என்பதுபோல் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் உட்காரும். அதனால் அந்தப் பெயர். படகின் கயிற்றைக் கவ்வி இழுத்து வருவது அது இரண்டு வருஷமாகச் செய்து பழகிய வேலை. இப்போது அது வாலை இரண்டு தடவை ஆட்டிவிட்டு, இன்றைக்கு நிகழ்ச்சி நன்றாக இருக்கிறது என்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பயிற்சி தரும் பெண் மோட்டார் படகில் போய் அதிகாரியைக் கூட்டி வந்தாள். அதிகாரி முன்னாள் கடற்படை முக்குளிப்பாளர். கரையேறியதும் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். எழுதி முடித்து அடிக்கோடும் போட்டார்.

"என்னம்மா எழுதறார்?" ரேடியோ மனைவியின் காதில் கேட்டார்.

"பார்க்கலாம்" என்றாள்.

அவருடைய மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். பகல் முழுக்க ஊரார் பேச்சையெல்லாம் எழுதிக்கொள்வாள். தன் பேச்சு என்று ஒன்றைச் செலவழிக்க மாட்டாள். புது வீடு பார்க்கலாமா, இந்தச் சட்டை எனக்கு எடுப்பா இருக்கா, உங்கண்ணனுக்கு என்மேல் கோபமா, எதைக் கேட்டாலும் இந்த ஒரே பதில்தான். இருபத்திரண்டு வருஷத்தில் "ஆமாம்" என்று அவர் கேட்டது பதிவு அலுவலகத்தில் மட்டும்.

ரேடியோ என்ற பட்டப்பெயரை அவருக்கு வைத்தது லிஃப்ட் கம்பெனி. பழுது பார்ப்பதில் அவர் சுமார்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பதறாமல் வைத்திருக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. கதவுக்கு வெளியே நின்று, மோட்டார் ஓடும்வரை, இரண்டு மணி நேரமானாலும் பேசிக்கொண்டே இருப்பார். வெளியே வந்தவர்கள் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கழிப்பறைக்கு ஓடுவார்கள். ஒரு நாளாவது ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பக்கத்தில் மேஸ்திரியோடு, ஏரி மீட்புக் குழுவின் படகில் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அவருக்கு ஆசை, நாய்க்கோ அது பிழைப்பு. நாலாவது மாடி வீட்டில் அது குளியலறை வாசலில் படுத்தே கிடக்கும், வாளி நிரம்பும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கும். குழுவில் சேர்ந்தால் தினமும் தண்ணீர். ஒரு நாய்க்கு மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் தேறாவிட்டால் ஆயுசுக்கும் அந்த வாளிதான். முதல் வாய்ப்பு போன வருஷமே போயிற்று. "போ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூட வேண்டிய இடத்தில் ரேடியோ மொத்தம் நாற்பத்தேழு வார்த்தை பேசினார். அதிகாரி எண்ணி எழுதியிருந்தார்.

இந்தத் தடவை முதல் இரண்டு சோதனைகள் வெண்ணெய் மாதிரி போயின. அவற்றில் பேசத் தடையில்லை. மிதவை வளையத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது, காலையில் ஓடிப்போன அதே படகை இழுத்து வந்தது, எல்லாவற்றுக்கும் ரேடியோ கரையிலிருந்து நேர்முக வர்ணனை கொடுத்தார்.

மூன்றாவதற்கு முன்னால் கால் மணி நேர இடைவேளை. அவரால் உட்கார முடியவில்லை. மேஸ்திரியின் மார்புப் பட்டையை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். தன் ஜாக்கெட்டின் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சரி செய்து, வேறு விதமாகத் தப்பாகப் போட்டார். படித்துறைக்கும் கொட்டகைக்கும் ஏழு தடவை நடந்தார்.

"இது தேறிடுமாம்மா?" பயிற்சிப் பெண்ணைக் கேட்டார்.

"உங்க வாய் தேறினா அதுவும் தேறிடும்ணே."

"அதை விடு. நாய்கிட்ட ஏதாவது கோளாறு இருக்கா?"

"இன்னிக்குக் காத்து கொஞ்சம் அந்தப் பக்கமா வீசுது" என்று சொல்லிவிட்டு நழுவினாள்.

மனைவியிடம் போனார். "நான் இருந்தா இது தேறுமா?"

"தண்ணி குடிங்க" என்றாள்.

படித்துறையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். ரேடியோ அதற்குள் நிற்க வேண்டும். நாற்பது மீட்டர் தள்ளி, தீயணைப்பு வீரர் ஒருவர் மூழ்குகிறவராக நடிக்கத் தயாராக மிதந்துகொண்டிருந்தார். நாய் நீந்திப் போய், தன் மார்புப் பட்டையின் கைப்பிடியை அவர் பிடித்துக்கொண்டதும் கரைக்கு இழுத்து வர வேண்டும்.

"ஒரு வார்த்தைக்கு மேல கூடாது. ஞாபகம் இருக்கா?" அதிகாரி கேட்டார்.

ரேடியோ தலையை மட்டும் ஆட்டினார். இப்போதே சேமிக்க ஆரம்பித்துவிட்டார்.

விசில். வீரர் கையைக் காலை உதறி அலறினார்.

"போ."

மேஸ்திரி குதித்தது. தண்ணீர் எழும்பி அதிகாரியின் நோட்டு வரை நனைத்தது. நேர்கோடு பிடித்த மாதிரி நீந்தியது. பத்து மீட்டர். பதினைந்து. ரேடியோ உதடுகளைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டார். தொண்டைக்குள் "சபாஷ்டா கண்ணா" வந்து முட்டியது. விழுங்கினார். மூச்சையும் சேர்த்து விழுங்கினார்.

இருபதாவது மீட்டரில் நாயின் தலை திரும்பியது.

கரையில் ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டில் ரேடியோ அணைந்துபோனது மொத்தம் இரண்டே தடவை. அவருடைய அப்பா போய்விட்டார் என்று போன் வந்த ராத்திரி ஒன்று. சிறுநீரகத்தில் கல் வந்து அவர் தரையில் சுருண்டு கிடந்த நாள் ஒன்று. இரண்டு தடவையும் மேஸ்திரி வந்து அவர் கால்மேல் ஏறிப் படுத்து, ஆள் வரும்வரை நகரவில்லை.

நாய் ஒரு கணம் வீரரைப் பார்த்தது. அவர் நன்றாகத்தான் கத்திக்கொண்டிருந்தார். கத்துகிற மனுஷனுக்கு என்ன குறை? அது கரையைப் பார்த்தது. பிறகு அரைவட்டம் அடித்து, போனதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்தது.

ரேடியோ வாயைத் திறக்கவில்லை. கண்ணால் கெஞ்சினார், புருவத்தால் விரட்டினார். அது படித்துறையில் ஏறி, அவருடைய மணிக்கட்டைப் பல் படாமல் கவ்வி, வட்டத்திலிருந்து வெளியே இழுத்து, படிகளில் ஏற்றி, புல்தரையில் அவர் மனைவியின் காலடியில் கொண்டுவந்து சேர்த்தது. பட்டையின் கைப்பிடியை வாகாகக் காட்டியபடி நின்றது. பாடத்தில் ஒரு பிசகும் இல்லை, ஆள் மட்டும் வேறு.

"அண்ணே," தண்ணீரிலிருந்து வீரரின் குரல் வந்தது, "நான் இன்னும் எவ்வளவு நேரம் மூழ்கணும்?"

அதிகாரி நனைந்த நோட்டில் எழுத இடம் தேடிக்கொண்டிருந்தார். ரேடியோ அவரிடம் ஓடினார். "சார், ஃபெயிலா சார்? காலையில படகு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டு எதுவும்..."

"படகுக்குத் தனித் தாள் இருக்கு" என்றார் அதிகாரி. "முடிவு எழுத்துல வரும்."

"ஒரு வாய்ப்பு பாக்கி இருக்குல்ல? அதுல தேறுமா?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாது."

பயிற்சிப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் கயிறு சுற்றுவதில் மும்முரமாக இருந்தாள். ரேடியோ திரும்பி வந்து புல்லில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மனைவி துண்டால் மேஸ்திரியின் காதுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றாக நீச்சல் தெரியும். காலையில் நகராட்சிக் குளத்தில் முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீந்திவிட்டுத்தான் நீதிமன்றம் போவாள். ஆனால் நாயைப் பழக்குவதில் தலையிட்டதே இல்லை. அவரும் கூப்பிட்டதில்லை.

"பேசினாலும் தப்பு, பேசாட்டியும் தப்பு" என்றார். குரலில் வழக்கமான கேலியைக் கொண்டுவரப் பார்த்தார், வரவில்லை. "நீ பார்க்கலாம்னு மட்டும் சொல்லாதே. எழுத்துல வரும்னும் வேண்டாம். நான் கூட்டிட்டு வந்தா இது தேறுமா, தேறாதா?"

அவள் துண்டைப் பிழிந்தாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"தேறாது" என்றாள். "நீங்க பேசினா விளையாட்டுன்னு நினைக்குது. பேசாட்டி செத்துட்டீங்கன்னு நினைக்குது. உங்களோட இது தேறவே தேறாதுங்க. அடுத்த தடவை நான் கூட்டிட்டு வர்றேன்."