படைவீரர் வேஷத்துக்கு ஆள் இல்லை

மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததும் எங்கள் ஊர் வயலில் நாடகம் நடக்கும். பழைய காலத்தில் ராஜாவின் படை வரிநெல் பிடிக்க வந்ததும், ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டதும்தான் கதை. மேடை கிடையாது. படைவீரர் வேஷம் போட்டவர்கள் நிஜமாகவே வீடுவீடாக ஏறி மரக்காலால் நெல் அளந்து வாங்கி வருவார்கள். அந்த நெல்லை விற்றுத்தான் அடுத்த வருஷத்து நாடகத்துக்கு விளக்கு, உடுப்பு, மேளம் எல்லாம்.

தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்ததற்கு அடுத்த மாசி அது. தொப்பியையும் தடியையும் கண்டாலே ஊருக்கு ஆகவில்லை.

“நான் மாட்டேன். ஒத்திகையிலயே மண்கட்டிய எடுத்து எறியுதானுவ,” என்றார் வழக்கமாகப் படைத்தலைவராக வரும் சுயம்பு.

“அப்பொ இந்த வருஷம் வேண்டாம்,” என்றார் தாணுமாலயன் சித்தப்பா. விவசாயிகளின் தலைவர் வேஷம் அவருக்கு.

நெல் புடைத்துக்கொண்டிருந்த சொர்ணம்மாள் சித்தி முறத்தைக் கீழே வைத்தாள்.

“இப்பம் நெல்லு பிடிக்கலேன்னா அடுத்த வருஷம் எதை வச்சுப் போடுவிய? ரெண்டு வருஷம் விட்டா பிறகு எல்லாவனும் மறந்துருவான். நாங்க வாறோம்.”

“பொம்பளையளா? ஏட்டி, ஊரு சிரிக்கும்,” என்றார் சித்தப்பா.

“சிரிக்கட்டும். ஏச்சு வாங்கத்தானே அந்த வேஷம்?”

செல்லக்கனி அக்காவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்தார்கள். வயசுக்கு வந்து பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு நான் தெருமுனைக்குக்கூடப் போனதில்லை. சித்தி என் தலையிலும் தலைப்பாகையைச் சுற்றினாள். “நீ பேசண்டாம். சாக்கைப் பிடி, போதும்.”

அன்னக்கிளி மதினி வீட்டு வாசலில் ஒரு மரக்கால் நெல் தயாராக இருந்தது. சித்தி ஒரு பிடி அள்ளி ஊதினாள். பாதி பதராகப் பறந்தது. ஆண்கள் வருஷாவருஷம் இதைத்தான் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

“செல்லக்கனி, பத்தாயத்துக்குப் பின்னால நல்ல நெல்லுப் பானை இருக்கும், பாரு.”

“அடிப் பாவி! நேத்து நீ கடன் கேட்டு வந்தப்பம் நாந்தானே உனக்குக் காட்டினேன்!” என்று மதினி கத்தினாள்.

தெரு சிரித்தது. ஆனால் வயலுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கிருந்தோ ஒரு மண்கட்டி வந்து சித்தியின் தோளில் விழுந்து உடைந்தது. “போதும், வா,” என்று சித்தப்பா வாய்க்குள் சொன்னார். சித்தி அசையவில்லை. தடியை ஊன்றி நின்று, கேட்க வேண்டிய வரிநெல்லை உரக்கக் கேட்டாள். அடுத்த கட்டி வந்தது. அவள் மறுபடியும் கேட்டாள். சித்தப்பா தம் வசனத்தைச் சொல்லியே தீரவேண்டியதாயிற்று. கதையின்படி ஊர் காலியானது. படை தடியைத் தாழ்த்தி ராஜாவின் பெயரால் வரியை ரத்து செய்தது. கட்டி எறிந்த பக்கமிருந்துதான் முதலில் குலவை கேட்டது.

விளக்கு அணையுமுன் அன்னக்கிளி மதினி வந்தாள். “ஆட்டம் முடிஞ்சுல்லா சொர்ணம். எனக்க நெல்லைத் தா.”

சித்தி சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தாள். “ராஜா வேண்டாம்னது வரிய. இது நாடகத்து நெல்லு.”

“அப்பிடியா? அடுத்த மாசிக்கு நானும் வேஷம் கட்டுவேன். முதல்ல ஏறது உனக்க வீட்டுலதான்.”

“வா மதினி. தலைப்பாகைக்கு நல்ல துணியாக் கொண்டா,” என்றாள் சித்தி.