மெரினா போட்ட பதிவு

1

இந்தக் கதை எனக்குக் கற்பிட்டி பஸ்ஸில் கிடைத்தது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். "அவ இன்னும் மச்சாளோட கதைக்கிறல்லயாம்" என்றாள் ஒருத்தி. "எல்லாம் அந்த ஃபோனால வந்தது" என்றாள் மற்றவள். நுரைச்சோலையில் இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் முழுக்க என் கைச்சரக்கு. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆலங்குடாக் கடலில் சூரியன் மெல்ல" – வேண்டாம். அங்கே சூரியனைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் இருக்கிறார்கள். நாம் யூஜீனியாவைப் பார்ப்போம்.

2

யூஜீனியாவின் கணவன் பஸ்தியான் வள்ளம் விடுகிற கரைக்கு ஒரு பாதை இருந்தது. நாட்டில் சண்டை முடிந்து, சுற்றுலா வளர்ந்து, ஒரு கம்பனி அதன் குறுக்கே கம்பி வேலி போட்டது. (கம்பனிக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் நான் சட்டத்தரணியோடு கதைக்க வேண்டிவரும்.) மீன் கூடையோடு ஊரைச் சுற்றி நடக்க வேண்டியதாயிற்று. யூஜீனியா முறைப்பாட்டோடு அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். "பாப்பம்" என்றார்கள். மறுபடி போனாள். மறுபடியும் "பாப்பம்".

ஆகவே ஃபோனில், ஊரெல்லாம் பார்க்கிற சமூக வலைத்தளத்தில் எழுதினாள்: "இது எங்கட அப்பாமார் நடந்த பாதை. வேலியை எடுங்க."

மற்றப் பெண்கள் வந்து, "நாங்க என்ன எழுதுற?" என்று கேட்டார்கள்.

"நான் எழுதினத அப்பிடியே போடுங்க."

கோவிலில் ஒருத்தி செபம் சொல்லிக்கொடுக்க, எல்லோரும் அதையே ஒரே குரலில் சொல்லிப் பழகிய ஊர். ஓர் எழுத்தும் மாறாமல் போட்டார்கள். புத்தளம் வரைக்கும் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். ஒரு கிழமை போகவில்லை, போட்டவர்களின் கணக்குகளெல்லாம் காணாமல் போயின, பதிவுகளும் சேர்த்து. திரையில் ஒரு வசனம்தான் நின்றது: நீங்கள் உண்மையான நபர் அல்ல என்று கருதுகிறோம்.

"மூண்டு பிள்ள பெத்தவள், உண்மையான ஆள் இல்லயாம்" என்றாள் யூஜீனியா. பஸ்தியான் சிரித்தான். அவளுக்கு அழுகை வந்தது.

3

இந்த இடத்தில் கொழும்பில் ஓர் அதிகாரி பொத்தானை அழுத்தினார் என்று எழுதியிருந்தேன். அவருக்கு மீசையும் வைத்தேன். ஏன் தெரியுமா? ஆளும் கட்சிக்கு நான் வாக்குப் போட்டதில்லை. என் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். ஆதாரம்? மருந்துக்கும் இல்லை. அதிகாரியை வெட்டிவிட்டேன். (மீசையை வெட்டத்தான் மனம் வரவில்லை.)

யூஜீனியாவுக்கும் ஆதாரம் இல்லை, கோபம்தான் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கந்தோர் "பாப்பம்" என்கிறது. அந்தத் தளத்துக்கு எழுதினால் அதே வசனம் திரும்பி வருகிறது. மெரினாவின் வீடோ பக்கத்து வளவில் இருந்தது.

மெரினா பஸ்தியானின் தங்கை. மகனுக்கு அரசாங்க வேலை. தேர்தல் வந்தால் ஆளும் கட்சியின் போஸ்டர் அவள் மதிலில்தான் முதலில் ஏறும்.

"அவதான் எங்கட பதிவுகளப் பத்தி ரிப்போட் அடிச்சிருக்கா. வேற ஆரு?" குழாயடியில், பத்துப் பேர் கேட்க, யூஜீனியா சொல்லிவிட்டாள். கையில் குடத்தோடு மெரினாவும் அங்கேதான் நின்றாள். தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போனாள். அடுத்த ஞாயிறு கோவிலில் யூஜீனியாவின் பக்கத்தில் இருக்காமல் வேறு வாங்கில் போய் இருந்தாள்.

4

புதுக் கணக்குத் திறக்க யூஜீனியா சாஹுல் ஹமீதின் கொமினிகேஷன் கடைக்குப் போனாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கணக்குத் திறந்து கொடுத்தவர் அவர்தான். எல்லோருக்கும் அவர் 'நானா', அண்ணன் முறை.

"பிறந்த திகதி?"

"பழையபடி அன்னம்மா திருநாளையே போடுங்க நானா. புண்ணியமா இருக்கட்டும்."

அவர் கீபோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தங்கச்சி, அண்டைக்கும் இதத்தான் சொன்னீங்க. பின்னால வந்தவங்களும் 'யூஜீனியாக்குப் போட்டதையே போடுங்க' எண்டாங்க. நானும் வருசத்தோட அதையே போட்டுட்டன். ஒரே கடை, ஒரே பிறந்தநாள், ஒரே எழுத்து. ஒரு ஆள்தான் இத்தின பேரா வேசம் போடுறான் எண்டு மெசின் நினைச்சிருக்கும்."

"அப்ப ஒருத்தரும் ரிப்போட் அடிக்கல்லயா?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மெரினாட கணக்கும் போயிட்டு. முந்தாநாள் வந்து கேட்டாங்க."

(குறிப்பு: நானா சொல்வதும் ஊகம்தான். மெரினாவும் அந்தப் பதிவைப் போட்டதால் அவள் கணக்குப் போனதா, பிறந்தநாள் மட்டும் ஒன்றாக இருந்ததால் போனதா என்று அவருக்கும் தெரியாது. நான் அவரை நம்புகிறேன். நானே உண்டாக்கிய ஆள், நம்பாமல் என்ன செய்வது?)

5

யூஜீனியா வீட்டுக்குப் போகவில்லை. நேரே மெரினாவின் வாசலுக்கு வந்தாள். வாய் திறக்க முன்னம் மெரினாவே சொன்னாள்:

"நானும் போட்டன் மச்சாள். நீங்க எழுதினத அப்பிடியே. போஸ்டர் ஒட்டினது பொடியன்ட வேலைக்காக. அந்தப் பாதையில நடந்தது என்ட அப்பா."

'காட்டு' என்ற சொல் யூஜீனியாவின் நாக்கு நுனிவரை வந்தது. எதைக் காட்டுவது? பதிவு இல்லை, கணக்கு இல்லை. மெரினாவின் முகம்தான் இருக்கிறது.

இதற்கு மேல் எழுதியவை:

யூஜீனியா அவளுடைய கையைப் பிடித்து, "நான் அப்பவே

யூஜீனியா செருப்பை மாட்டிக்கொண்டு, "எல்லாம் அழிஞ்ச பிறகு ஆரும் சொல்லலாம்

இரண்டையும் பாதியில் விட்டேன். முதலாவது என் ஆசை. இரண்டாவதை எழுதியது மெரினாவின் மதிலில் இருந்த போஸ்டர் மேல் எனக்கிருக்கும் எரிச்சல். அந்தப் போஸ்டரை மூன்றாம் பகுதியில் வாசித்தபோதே நீங்களும் மெரினாவைப் பற்றி ஒரு முடிவு எடுத்திருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள்.

மெரினா உள்ளே போய், உட்கார ஒரு கதிரையைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். யூஜீனியா இன்னும் நிற்கிறாள். அவளை இருக்கச் சொல்வதோ, திருப்பி அனுப்புவதோ உங்கள் பாடு. என்னிடம் ஆதாரம் கேட்க வேண்டாம். மெரினாவிடமும் கேட்க வேண்டாம்.