ஐறிஸ் மிஸ் எழுதிய இரண்டு அறிக்கைகள்

ஐறிஸ் மிஸ் பொல்லாத மனுசி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முப்பது வருடம் சோக்குப் பிடித்த கை. பொருளியலும் சமூகக் கல்வியும் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு வழிகாட்டவென்று கல்விக் கந்தோர் அவரை ஆசிரிய ஆலோசகராக எடுத்தது. எடுத்த வருடமே, கதிரவெளிப் பக்கத்தில் ஏழு பிள்ளைகளின் தலையில் அவர் மண்ணை அள்ளிப் போட்டார். நல்ல மனதோடுதான் போட்டார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கெட்ட மனதோடு செய்திருந்தால் வாய்விட்டு ஏசியாவது ஆறலாம்.

அந்த வேலை எப்படியென்றால், பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போக வேண்டும். வகுப்பின் கடைசி வாங்கில் குந்தி ஒரு பாடத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அதிபரின் அறையில் லொக் புத்தகம் என்கிற பதிவேட்டை வாங்கி, கண்டதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதன் பிரதி கந்தோருக்குப் போகும். தூரத்துப் பள்ளிக்கூடங்களின் லொக் புத்தகங்களில் பழைய ஆலோசகர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றையே எழுதியிருந்தார்கள்: கற்பித்தல் பரவாயில்லை, சாதனங்கள் போதாது, மேலும் முயற்சி தேவை. பக்கம் பக்கமாக இதே சங்கதி. வகுப்புக்குள் காலே வைக்காமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுதிய சோம்பேறிக் கூட்டம் என்று ஐறிஸ் மிஸ் நினைத்தார். தான் அப்படியான ஆள் இல்லை என்றும் நினைத்தார். அந்த நினைப்புத்தான் வினையாகப் போயிற்று.

ஜூன் மாதம், விடிய ஐந்தரைக்கு மட்டக்களப்பில் திருகோணமலை பஸ்ஸைப் பிடித்தார். பனிச்சங்கேணிப் பாலம் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. வாவியில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு அரைச்சுவர் வகுப்புகள்தான். உயர்தர வகுப்புத் தொடங்கியே நாலு வருடம். அங்கிருந்து இன்னும் ஒரு பிள்ளையும் பல்கலைக்கழகத்துக்கு, அவர்கள் சொல்கிற மாதிரிக் கம்பஸுக்கு, போகவில்லை. இந்த நவம்பரில் பொருளியல் சோதனை எழுத இருந்தது ஏழு பேர். படிப்பித்தவள் தக்ஷாயினி. முப்பது வயது, பனிச்சங்கேணிப் பிள்ளை, ஸ்கூட்டியில் வந்து போகிறவள்.

அன்றைக்குப் பாடம் நிரம்பல் வளையி. விலை ஏறினால் சந்தைக்கு வருகிற பொருளும் கூடும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. தக்ஷாயினி கரும்பலகையில் மேல்நோக்கி ஒரு கோட்டை இழுத்துவிட்டு, நிதுர்ஷன் என்ற பெடியனிடம், நண்டுக்கு விலை ஏறினால் உன்னுடைய அப்பா கூடுதலாகப் பிடிப்பாரா என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். விலை ஏறுவதே நண்டு இல்லாத காலத்தில்தான் மிஸ், அப்போது அப்பா தலைகீழாக நின்றாலும் வலையில் விழாது என்றான். அப்படியென்றால் இந்தக் கோட்டை என்ன செய்வோம் என்று அவள் சோக்கை அவன் கையில் கொடுத்தாள். அவன் கோட்டை அழித்துவிட்டு நட்டகுத்தாக ஒன்று வரைந்தான். உடனே கம்சாயினி என்கிற பிள்ளை எழும்பி, அது இந்தக் கிழமைக்குச் சரி, ஒரு வருடம் தந்தால் குளம் வெட்டி நண்டு வளர்ப்பார்களே, அப்போது கோடு திரும்பச் சரியும் என்று சண்டைக்கு நின்றாள். முக்கால் மணித்தியாலத்துக்குள் நெகிழ்ச்சி என்ற அத்தியாயத்தை அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்து முடித்தார்கள். தக்ஷாயினி அதற்கு என்ன பெயர் என்று மட்டும் கடைசியில் சொன்னாள்.

ஐறிஸ் மிஸ்ஸின் மடியில் படிவம் வெறுமையாகக் கிடந்தது. முப்பது வருடமாக இதே அத்தியாயத்தை வரைவிலக்கணம் சொல்லிப் பாடமாக்க வைத்தவர் அவர். கண் கலங்கிற்று. கொஞ்சம் பொறாமையும் வந்தது, இல்லையென்று சொல்வானேன். அந்தப் பொறாமைக்குப் பரிகாரம் போலத்தான் லொக் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். இந்த மாகாணத்தில் தான் கண்ட மிகச் சிறந்த பொருளியல் வகுப்பு என்று எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டார்.

கந்தப்போடி அதிபர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். இதைக் கொஞ்சம் குறைத்து எழுதினால் என்ன என்று மெல்லக் கேட்டார். நல்லதை நல்லதென்று எழுதக் கூடாதா சேர் என்று ஐறிஸ் மிஸ் சிரித்தார். கந்தோரிலிருந்து வந்த புது ஆளிடம் அதற்கு மேல் எதைச் சொல்வது? அதிபர் தேத்தண்ணியை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

ஜூலை கடைசியில் கடிதம் வந்தது. சேவையின் தேவை கருதி, தக்ஷாயினி ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து மட்டக்களப்பு ரவுணில் உள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றம். பதிலுக்கு ஆள் இல்லை. கந்தப்போடி அதிபர் ஐறிஸ் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மிஸ், எங்கட லொக் புத்தகத்த நீங்க புரட்டிப் பாத்திங்கதானே. பதினொரு வருசமா மேலும் முயற்சி தேவையெண்டுதான் கிடக்கு. பதினொரு வருசமா ஒரு நல்ல வாத்தியும் இஞ்ச வரல்லையெண்டா நினைச்சிங்க?"

ஐறிஸ் மிஸ்ஸுக்கு அப்போதுதான் விளங்கிற்று. கோழிக் குஞ்சைப் பருந்துக்குத் தெரியாமல் கடகத்தால் மூடி வைக்கிற மாதிரி, அந்தச் சோம்பேறிக் கூட்டம் அந்த மூன்று வரியால் நல்ல ஆசிரியர்களை மூடி வைத்திருந்திருக்கிறது. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுத்தில் வைக்கக்கூடிய காரியமா அது? வந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள், விளங்கிக்கொண்டார்கள், தாங்களும் அப்படியே எழுதினார்கள். விளங்காமல் போனது ஐறிஸ் மிஸ் ஒருத்தருக்குத்தான்.

மறுநாளே கந்தோரில் கல்விப் பணிப்பாளரிடம் போய் நின்றார். அவர் கெட்டவரில்லை, அதுவும் ஒரு கொடுமை. ரவுண் பள்ளிக்கூடத்தில் பொருளியல் ஆசிரியர் வெளிநாடு போய் ஆறு மாதம், முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பெற்றோர் வந்து கந்தோர் வாசலில் நிற்கிறார்கள் என்றார். நீங்கள் எழுதியதை வாசித்துத்தானே அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்தேன் என்று நன்றியும் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு ஆள். இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் முப்பத்தெட்டுப் பேர். பொருளியல் படிப்பிச்ச நீங்களே சொல்லுங்க மிஸ், எங்க போடுவிங்க?"

அந்த ஏழு பேருக்கும் வேறு கதி இல்லை, ரவுண் பிள்ளைகளுக்குத் தெருவுக்கு ஒரு ரியூசன் இருக்கிறதே என்று சொல்ல ஐறிஸ் மிஸ்ஸுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் வந்தது. அடுத்த நாள் போய்ச் சொன்னார். பணிப்பாளர் தலையாட்டினார், அவ்வளவுதான். அப்படியென்றால் நானே கிழமையில் மூன்று நாள் போய்ப் படிப்பிக்கிறேன் என்றார். பதினாலு பள்ளிக்கூடங்களுக்கு நீங்கள் ஒரு ஆள், அதெப்படி என்று கேட்டார் பணிப்பாளர்.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. நல்ல அறிக்கை தக்ஷாயினியைக் கொண்டுபோகுமென்றால், கெட்ட அறிக்கை பிடித்து வைக்கும்தானே. இரண்டாம் முறை பார்வையிட்டதாக ஒன்று எழுதினால், ரவுண் அதிபரே வேண்டாம் என்று கையை விரித்துவிடுவார். ஐறிஸ் மிஸ் பனிச்சங்கேணிக்குப் போனார். தக்ஷாயினியைக் கண்டு, ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ரவுணுக்குப் போக ஆசையில்லாம இல்ல மிஸ். பொய் சொல்லல்ல. ஆனா நவம்பர் சோதனை முடியுமட்டும் என்னை இஞ்ச விடுங்க. கம்சாயினி கட்டாயம் கம்பஸ் போவாள், மற்ற ரெண்டு பேரும் போகலாம். நீங்க எழுதுங்க."

"உன்ட பைலில கறை விழும் பிள்ள."

"விழட்டும். மறுகா கழுவிக்குவம்."

அந்த இரண்டாவது அறிக்கையை எழுத ஐறிஸ் மிஸ் ஒரு முழு நாள் எடுத்தார். கை வரவில்லை. கடைசியில் பார்த்தால் பெரிய பொய் ஒன்றும் தேவைப்படவில்லை, நடந்ததையே புரட்டிப் போட்டால் போதுமாக இருந்தது. பாடப்புத்தக வரைவிலக்கணம் கற்பிக்கப்படவில்லை என்று எழுதினார். மாணவன் வளையியைப் பிழையாக வரைய ஆசிரியை அனுமதித்தார் என்று எழுதினார். மாணவர்கள் ஒருவரோடொருவர் வாக்குவாதப்பட்டனர், வகுப்புக் கட்டுப்பாடு போதாது என்று எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் போய் முகம் கழுவினார்.

வேலை செய்தது. ரவுண் அதிபர் அறிக்கையை வாசித்துவிட்டு இந்த ஆள் வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஓகஸ்ட் பத்தாம் திகதி இடமாற்றம் ரத்து. கந்தப்போடி அதிபர் போனில் அழுகிற மாதிரிக் கதைத்தார். பிள்ளைகள் ஏழு பேரும் பின்னால் நின்று கூச்சல் போட்டது கேட்டது. ஐறிஸ் மிஸ் அன்றைக்குத் தேவாலயத்துக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். பதினொரு நாள் சந்தோசமாக இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் அவருடைய மேசையிலேயே ஒரு கடிதம் கிடந்தது. ஆலோசகரின் அறிக்கையின்படி கற்பித்தலில் பாரிய குறைபாடுகள் காணப்படுவதால், தக்ஷாயினி செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து நவம்பர் முப்பது வரை, கிழமையில் ஐந்து நாளும், ரவுணில் உள்ள ஆசிரிய வள நிலையத்தில் திருத்தப் பயிற்சி பெற வேண்டும். பயிற்றுவிப்பவர்: ஐறிஸ் மிஸ். பதினாலு பள்ளிக்கூடமும் அதுவரைக்கும் காத்திருக்கலாமாம்.

இதை எந்தப் பாவி யோசித்தான் என்று அவர் கத்தினார். ஒரு பாவியும் யோசிக்கவில்லை. குறைபாடு என்று எழுதினால் பயிற்சி கொடுக்க வேண்டும், பயிற்சி கொடுப்பது ஆலோசகரின் கடமை, சுற்றுநிருபத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை வாசித்திருக்க வேண்டியவர் அவர்.

பணிப்பாளரிடம் ஓடினார். இரண்டாவது அறிக்கை பொய் சேர், அந்தப் பிள்ளையைப் பிடித்து வைக்கத்தான் எழுதினேன் என்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். இதை எழுதித் தந்தால் நான் விசாரணை வைக்க வேண்டும் என்றார் பணிப்பாளர். பொய் அறிக்கை எழுதியவர், அதற்கு உடன்பட்ட ஆசிரியை, இருவருக்கும். விசாரணை முடியும் வரை அந்தப் பிள்ளைக்கு வேலையே இல்லை. எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, இரங்கித்தான் கேட்டார்.

ஐறிஸ் மிஸ் தக்ஷாயினியை நினைத்து எழுதிக் கொடுக்காமல் வந்தார். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருடம் என்பதும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. அது ஏன் வந்தது என்று பிறகு எத்தனையோ நாள் தன்னையே காறித் துப்பினார்.

செப்டெம்பரில் தக்ஷாயினி வந்தாள். விடிய ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டால் எட்டுக்கு வள நிலையம், திரும்பப் போய்ச் சேர இருட்டிவிடும். ஒரு பெரிய அறை, நாற்பது கதிரை, அதில் ஒரே ஒருத்தி. வரவுப் புத்தகத்தில் காலையில் ஒரு கையெழுத்து, நாலு மணிக்கு ஒரு கையெழுத்து. நேரத்துக்கு முன் விடுவதற்கு ஐறிஸ் மிஸ் ஒருதரம் பார்த்தார். அடுத்த நாளே கந்தோர் விளக்கம் கேட்டது. ஏசிவிடு பிள்ள, என்னை நல்லா ஏசிவிடு என்று அவர் முதல் நாளே கெஞ்சினார். நான்தானே எழுதச் சொன்னேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பதிலோடு ஒருவர் என்ன செய்வது?

சனி ஞாயிறுகளில் அவள் தன்னுடைய பள்ளிக்கூடத்தில் வகுப்பு வைத்தாள். முதல் கிழமை ஏழு பேரும் வந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சனி ஞாயிறுதான் வேலை நாள். பெடியன்கள் வாவிக்குப் போவார்கள். பெட்டைகள் நண்டு உடைக்கிற வாடிக் கொட்டிலுக்குக் கூலிக்குப் போவார்கள். செப்டெம்பர் முடிய நாலு பேர். பிறகு கம்சாயினி மட்டும். மற்ற நாட்களில் அவள் போனில் கேள்விகளைப் படம் பிடித்து அனுப்புவாள். தக்ஷாயினி பயிற்சி அறையில் இருந்துகொண்டு விடை எழுதி அனுப்புவாள், ஐறிஸ் மிஸ்ஸும் பக்கத்தில் இருந்து பார்ப்பார். அந்த நேரம் மட்டும் இருவரும் ஆசிரியர்கள் மாதிரி இருந்தார்கள்.

ஒக்டோபர் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி போலப் போன் சத்தம் போட்டது. தக்ஷாயினி எடுத்து வாசித்தாள். என்ன கேள்வி பிள்ள என்று ஐறிஸ் மிஸ் எழும்பி வந்தார். கேள்வி இல்லை என்றாள். அம்மாவும் தானும் ஒரே நண்டு வாடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கம்சாயினி எழுதியிருந்தாள். தக்ஷாயினி அதைச் சத்தமாக வாசித்தாள், வகுப்பில் பாடப்புத்தகம் வாசிக்கிற அதே குரலில்.

"மிஸ், நான் சோதனைக்குப் போகல்ல. நீங்க ஞாயிறு எனக்காக மினக்கெட்டு வராதிங்க. உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியாதெண்டு இஞ்ச எல்லாரும் கதைக்கிறாங்க. நான் இல்லையெண்டுதான் சொல்றன்."

வாசித்து முடித்துப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கொப்பியைத் திறந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

"தொடங்குங்க மிஸ்."

ஐறிஸ் மிஸ் கரும்பலகை வரைக்கும் போனார். திகதியை எழுதினார். அதற்குக் கீழே எழுத ஒரு சொல் அவருக்கு வரவில்லை. திரும்பி அவளைப் பார்க்கவும் முடியவில்லை. அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தக்ஷாயினி எழும்பிப் போயிருக்கலாம், ஒருவரும் மறித்திருக்க மாட்டார்கள். ஆனால் நாலு மணிக் கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. அவள் பேனையைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.