தன்னைத்தானே வெட்டிய வாக்கியம்

அப்பா என்னோடு இருப்பதா, முதியோர் இல்லத்திலேயே இருப்பதா என்று முடிவு செய்யப் போவது நான் எழுதிய கணினி நிரல்தான் என்று தெரிந்ததும் அண்ணன் கேட்டான், "அப்ப உனக்குச் சாதகமாத்தானே வரும்?" தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. அந்த நிரலைப் பெற்றவள் நான்தான் என்றாலும் அதற்கு என் முகம் தெரியாது.

குடும்பத் தகராறுகளில் யார் காப்பாளர் என்று தீர்மானிக்கும் வாரியத்துக்காக எங்கள் அலுவலகத்தில் செய்து கொடுத்தது அது. மத்தியஸ்தர் என்று செல்லப் பெயர். அவரவர் சொல்வது திரையில் ஆளுக்கொரு வட்டமாக விழும். ஒரு பேச்சு இன்னொன்றை மறுத்தால் நடுவில் ஓர் அம்பு. யாரும் மறுக்காத பேச்சு நிற்கும். நிற்கிற பேச்சு எதை மறுக்கிறதோ அது விழும். மறுத்தவை எல்லாம் விழுந்துவிட்டால் மறுக்கப்பட்டது எழுந்து நிற்கும். இப்படியும் ஆகாமல் அப்படியும் ஆகாமல் போனது தொங்கும். முக்கியமான பேச்சு தொங்கிவிட்டால், இப்போது இருக்கிற ஏற்பாடே தொடரும். மத்தியஸ்தருடைய மூளை அவ்வளவுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

என் வீட்டில் அப்பாவைத் தனியே விட்டால் ஆபத்து என்று அண்ணன் வாரியத்தில் சொன்னது பொய் இல்லை. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அப்பா அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். வீடு கரியாகாமல் தப்பியது எதிர்வீட்டுக்காரர் மூக்கின் புண்ணியம். அதற்கப்புறம்தான் இல்லத்தில் சேர்த்தோம். ஆனால் வாரியத்தின் விதி ஒன்று என் பக்கம் இருந்தது: முதியவரின் சொந்த விருப்பம் நின்றால், பிள்ளைகளின் பயமெல்லாம் அதன்முன் விழுந்துவிடும். அப்பாவின் விருப்பத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. நான் போகும்போதெல்லாம் சட்டைகளைப் பையில் அடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருப்பார்.

வாக்குமூலம் பதிய வாரியத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அப்பா தடுமாறாமல் சொன்னார்: "நான் என் பொண்ணோட வீட்டுக்குப் போகணும்." எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த அம்மா மடிக்கணினியை மூடப் போனார். அப்பா விடவில்லை. எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாகப் போய்த் தராசு சோதித்தே வயதான மனுஷன். முள் ஓர் இழை சாய்ந்தாலும் முத்திரை போடமாட்டார்.

"ஆனா ஒண்ணும்மா. எனக்கு இப்பல்லாம் நெனப்பு சரியில்ல. நான் சொல்றது எதையும் நம்பாதீங்க."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே அதையும் பதிந்துகொண்டார். பதிந்த பேச்சை யாரும் நீக்க முடியாது. அதை மறுத்து இன்னொன்றைச் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

மனதுக்குள் அம்புகளைப் போட்டுப் பார்த்தேன். எதையும் என்றால், வீட்டுக்குப் போகணும் என்றதையும்தான். ஓர் அம்பு அதன்மேல் பாயும். எதையும் என்றால், அந்த வாக்கியத்தையும்தான். இன்னோர் அம்பு வளைந்து வந்து தன்மேலேயே பாயும். தன்னையே மறுக்கிற பேச்சு நிற்க முடியாது. வேறு யாரும் தள்ளிவிடாததால் விழவும் முடியாது. தானும் தொங்கி, தான் தொட்டதையும் தொங்கவிடும். படிக்கிற காலத்தில் இதைப் பாடத்தில் பார்த்து, இப்படி எவன் பேசுவான் என்று சிரித்திருக்கிறேன். எவன் பேசுவான், எங்கப்பா பேசுவார்.

என் கணினியில் எல்லா வழியிலும் ஓட்டிப் பார்த்தேன். எதையும் சந்தேகப்படுகிற கணக்கில் அப்பாவின் விருப்பம் தொங்கியது. தாராளமாக ஏற்றுக்கொள்கிற கணக்கிலும் தொங்கியது. ஒவ்வொரு பேச்சும் நின்றாக வேண்டும், இல்லையேல் விழுந்தாக வேண்டும் என்று அடம்பிடிக்கிற கணக்கு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் உண்மை, பொய் என்ற சூத்திரங்களாக்கி அதனிடம் கொடுத்தேன். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது: தீர்வு இல்லை.

கடைசியில் இல்லத்து டாக்டரைப் பிடித்தேன். அன்றைக்கு அப்பா தெளிவாகத்தான் இருந்தார் என்று எழுதிக் கொடுத்தார். அது போய் அந்தப் பாழும் வாக்கியத்தைத் தள்ளிவிட்டது. அப்பாவின் விருப்பம் எழுந்து நின்றது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் அறைக்குத் திரைச்சீலை தைக்கக்கூடக் கொடுத்துவிட்டேன். மறுநாளே அண்ணனின் வக்கீல் ஒரே ஒரு வரி சேர்த்தார்: அன்று அவர் தெளிவாக இருந்தார் என்றால், தன்னை நம்பாதீர்கள் என்று சொன்னதும் தெளிந்த பேச்சுதானே.

டாக்டரிடம் ஓடினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, இதற்கு என்ன பதில் எழுதுவது, நீங்களே சொல்லுங்கள் என்றார். இந்த மாதிரி முடிச்சுகளை அவிழ்த்துத்தான் நான் சோறு தின்கிறேன். எனக்கும் தெரியவில்லை. டாக்டரின் சொல் விழுந்தது, அப்பாவின் விருப்பம் மறுபடி தொங்கியது, இல்லமே தொடரட்டும் என்று முடிவு வந்துவிட்டது.

அன்று அண்ணன் போனில் ஜெயித்தவன் மாதிரி பேசவில்லை. "அவரு ஆசை என்னன்னு எனக்கும் தெரியும்டி. அந்த அடுப்பை நெனச்சா பயமா இருக்கு" என்றான். திட்டித் தீர்க்கவாவது ஓர் ஆள் கிடைத்திருந்தால் தேவலை. அதுவும் கிடைக்கவில்லை.

நான் போனபோது அப்பா செருப்போடு உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது. "கெளம்பலாமா குட்டி?" என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த அம்மாவிடம் ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க, அதனால்தான் எல்லாம் கெட்டது என்று கொட்டிவிட்டேன். அவருக்குச் சொன்னது நினைவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லச் சிரித்தார்.

"நெனப்பு சரியில்லாத ஆளு சொன்னதைப் போயா நம்புனாங்க?"

இந்த வழக்கு முழுவதிலும் இவ்வளவு நல்ல பதிலை யாரும் சொல்லவில்லை. ஆனால் இதுவும் அப்பா சொன்னது. பதிவில் சேர்த்தால் 'எதையும் நம்பாதீங்க' என்ற அந்தப் பழைய அம்பு இதன்மேலும் பாயும்.

பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். கீழே உட்கார்ந்து அவர் செருப்பின் வாரை அவிழ்த்தேன். காலை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் நேரம் ஆகலையா?" என்று மட்டும் கேட்டார்.