நிரூபாவின் இடது கை

ஏழு வருடங்களுக்கு முன் பார்க்டேலில், ஒரு நிலவறை ஸ்ரூடியோவில், இரண்டே நாளில் பதிந்த ஜாஸ் இசைத்தட்டு அது. மிதுனன் கிற்றார், மரியோ ட்ரம்ஸ், நிரூபா ஓர்கன். பேஸ் என்ற கீழ்ச்சுரங்களை வாசிக்கத் தனி ஆள் இல்லை. இப்படியான மூவர் குழுவில் ஓர்கன்காரரின் இடது கையும் காலும்தான் பேஸ். மற்ற இருவரும் நிற்பது அதன் மேல்.

அப்போது மிதுனனை யாருக்கும் தெரியாது. இப்போது ஐரோப்பிய விழாக்களில் வாசிக்கிறான். அதனால் பழைய தட்டு மறுபடி வருகிறது. ஸ்காபரோவில் ஒரு தேநீர்க்கடையில் வைத்து ஹெட்போனை நிரூபாவிடம் நீட்டினான்.

"கேட்டுப்பார், நிரூ. எல்லாம் கிளீன் பண்ணியிருக்கு."

மூன்றாவது பாட்டில் அவளுக்கு விளங்கிவிட்டது. அன்றைய பதிவில் அதில் ஓரிடத்தில் அவளுடைய கால் வழுக்கி, பேஸ் தாமதமாக விழுந்திருந்தது. மிதுனன் தன் அடுத்த சுரத்தை வாசிக்காமல் அவளுக்காகக் காத்திருந்தான். திரும்ப வாசிக்கிறேன் என்று அவள் கெஞ்சியபோது, "உதிலைதான் உயிர் இருக்கு, கை வைக்காதை" என்று தடுத்தவனும் அவன்தான். இப்போது பேஸ் சரியான நேரத்தில் விழுந்தது. கிற்றார் மட்டும் காரணமில்லாமல் நின்றது.

"இது நானில்லை."

"வலக்கை முழுக்க நீதான்."

"இடக்கை?"

"தட்டு வெளியிடுற லேபல்காரர் பேஸ் போடச் சொன்னவை. ஓர்கனிலை கீழ்ச்சத்தத்தை வெட்டிப்போட்டு ஒரு ஆளை வாசிக்க வைச்சனான். டோன்ட் டேக் இட் பெர்சனலி."

"மரியோவுக்குத் தெரியுமோ?"

"ஓம். அவன்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவன்."

நிரூபா ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள்.

"மூண்டாவதிலை நீ ஆருக்காண்டி நிக்கிறாய்?"

"அதைத்தான் எல்லாரும் கேக்கினம். இன்டர்வியூவிலையும் கேட்டவை."

"என்ன சொன்னனீ?"

"சைலன்ஸோடை விளையாடிப் பாத்தனான் எண்டு."

தவறியது அவள், காத்திருந்தது அவன். அந்தக் காத்திருப்பை நட்பு என்றே அவள் இவ்வளவு காலமும் நம்பியிருந்தாள்.

"என்ரை பேரை எடுத்துவிடு."

"கவர் அச்சடிச்சாச்சு. அடுத்த மாசம் வெளியீட்டுக் கச்சேரி, நீ கட்டாயம் வரவேணும். பேஸுக்கு ஆள் இருக்கு. உனக்கு இடக்கைக்கு வேலையே இல்லை." அதை ஒரு சலுகைபோலவே சொன்னான்.

நிரூபா எழுந்து கோட்டை மாட்டினாள்.

"நான் வரமாட்டன்."

"அப்ப ஓர்கன் ஆர் வாசிக்கிறது?" முதல் தடவையாக அவன் குரலில் பயம் தட்டியது. "ரிக்கெட் எல்லாம் வித்து முடிஞ்சுது, நிரூ."

"ஓர்கனே இல்லாமல் வாசி. ஏனெண்டு கேட்டா, சைலன்ஸ் எண்டு சொல்லு."