மடிப்புக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புள்ளி

வாடிக்கையாளரின் காதோரம் ஓடிக்கொண்டிருந்த கத்தரி திடீரென்று தரையில் விழுந்தது. சலூன்காரரின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. நல்லவேளை, காது தப்பியது.

மூளையில் கட்டி. அதுவும் பழைய கட்டியேதான். முன்பு வேறோர் ஆஸ்பத்திரியில் எடுத்தபோது கண்ணுக்குத் தப்பிய மிச்சம் மறுபடி வளர்ந்திருந்தது.

"இந்தத் தடவையாவது முழுசா எடுத்துருவீங்களா டாக்டரம்மா?" என்றார் அவர் மனைவி.

டாக்டரம்மா மழுப்பவில்லை. "கை அசையுறதுக்கு மூளையில ஒரு இடம் இருக்கும்மா. கட்டி அதை ஒட்டிக்கிட்டு இருக்கு. கூட எடுத்தா கை போயிரும். கம்மியா எடுத்தா கட்டி திரும்பி வரும். ஆனா இங்க ஆபரேஷனுக்கு நடுவுலயே ஸ்கேன் எடுக்கலாம். மிச்சம் இருக்கான்னு தலைய மூடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்."

சலூன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் அப்படித்தான் டாக்டர். பின்னால கண்ணாடி காட்டாம யாரையும் எந்திரிக்க விடமாட்டேன்."

அறுவை நாளன்று முற்பகல் முழுவதும் டாக்டரம்மா நுண்ணோக்கியை விட்டு அசையவில்லை. கட்டியைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார். கடைசியில் குழி பளிச்சென்று இருந்தது.

"என் கண்ணுக்கு எல்லாம் வந்துருச்சு. இருந்தாலும் பாத்துருவோம்."

ஸ்கேனின் காந்தம் சின்ன ஊசியைக்கூட விட்டுவைக்காது. அதனால் இரும்புச் சாமான்களை ஒன்று விடாமல் ஒதுக்கினார்கள். திறந்த தலையைச் சுத்தமான துணியால் மூடி, மயக்கத்தில் இருந்தவரைப் படுக்கையோடு பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஸ்கேன்காரர் திரையில் விரலை வைத்தார். "டாக்டர், மூளையோட இந்த மடிப்புக்குப் பின்னால..."

பயறளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. நுண்ணோக்கியில் ஆயிரம் முறை பார்த்தாலும் அந்த மூலை தெரிந்திருக்காது.

"கைக்கு ரொம்பப் பக்கம். விட்டுரலாமே?" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

"விட்டா இவர் மறுபடி இதே மேஜைக்குத்தான் வருவார். வாங்க."

அறுவை அறைக்குத் திரும்பியதும், கருவி எங்கே போகிறது என்று காட்டும் வழிகாட்டித் திரையில் புதிய படத்தை ஏற்றினார்கள். டாக்டரம்மா லேசாக மின்சாரம் பாயும் மெல்லிய முனையால் மூளையைத் தொட்டார். விரல்களின் அசைவைக் காட்டும் இன்னொரு திரையில் கட்டைவிரலுக்கான கோடு துள்ளியது. இது கை, தொடக்கூடாது. ஒரு மயிரிழை தள்ளித் தொட்டார். கோடு சும்மா கிடந்தது. அந்த இடுக்கு வழியாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஒட்டிக்கொண்டிருந்த துணுக்கு கடைசியில் பிடி விட்டது.

மறுபடி ஸ்கேன். படம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"ஒண்ணுமே இல்ல டாக்டர்! துடைச்சு வச்ச மாதிரி இருக்கு!" ஸ்கேன்காரர் தன்னை மறந்து கைதட்டினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆனால் டாக்டரம்மா தட்டவில்லை. கை பிழைத்ததா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சலூன்காரர் கண் விழித்தபோது ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் டாக்டரம்மா.

"அண்ணே, வலது கைய அசைங்க பாப்போம்."

கை அசையவில்லை. மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். டாக்டரம்மா குனிந்து இன்னும் உரக்கச் சொன்னார்.

முதலில் சுண்டுவிரல் நெளிந்தது. பிறகு மற்ற விரல்கள். அப்புறம் கையே மெதுவாக எழும்பி, கட்டுக்குக் கீழே காதோரத்தைத் தடவிப் பார்த்தது.

"யாரு என் தலைய வழிச்சது?" குரல் கரகரத்தது. "ஓரமெல்லாம் ஒரே கோணல்."

"நான்தாண்ணே!" என்று டாக்டரம்மா போட்ட கூச்சலில் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மனைவி அந்த வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, விடவே மாட்டேன் என்று நின்றார்.